கூரை போட்ட பாலம்

2025 பொங்கலுக்கு அமெரிக்காவிலிருந்து வந்திருந்த என் மைத்துனர் மகன், செல்போனை என் மூக்குக்கு நாலு அங்குல தூரத்தில் நீட்டி, "மாமா, இது என்னன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றான்.

கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். சிவப்புப் பெயின்ட் அடித்த மரக் கட்டிடம். மேலே கூரை. இரண்டு பக்கமும் பலகைச் சுவர். முன்னால் வண்டி நுழைகிற அளவுக்கு வாசல்.

"மாட்டுத் தொழுவம்."

"கீழே பாருங்க."

கீழே ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

"தொழுவத்தை எதுக்குடா ஆத்து மேல கட்டியிருக்கான்? கழுவி விட வசதியா?"

பயல் விழுந்து விழுந்து சிரித்தான். "அது பாலம் மாமா! கவர்டு பிரிட்ஜ். கூரை போட்ட பாலம்!"

அவன் இருப்பது வெர்மாண்ட் மாகாணம். (இனிமேல் இந்தக் கட்டுரையில் அவன் பெயரும் வெர்மாண்ட். நிஜப் பெயரைப் போட்டால் அவன் அம்மா என்னோடு பேச மாட்டாள்.) அங்கே இப்படிப்பட்ட பாலங்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றனவாம். வெர்மாண்டையும் நியூ ஹாம்ப்ஷயரையும் இணைக்கிற கார்னிஷ் - விண்ட்சர் பாலம் 1866-ல் கட்டியது. நீளம் சுமார் 450 அடி. மொத்தமும் மரம். 'குதிரையை நடத்திக் கூட்டிப் போ. ஓட்டினால் இரண்டு டாலர் அபராதம்' என்று அந்தக் காலத்தில் மாட்டிய போர்டு இன்னமும் வாசலில் தொங்குகிறது. 1943 வரைக்கும் டோல் வசூலித்தார்கள். அப்புறம் எடுத்துவிட்டார்கள்.

"டோலை எடுத்துட்டாங்களா?" என்று மூன்று தரம் கேட்டேன். விக்கிரவாண்டி வழியாக மாதம் இரண்டு தடவை போய் வருகிறவனுக்கு இதெல்லாம் புராணக் கதை மாதிரி இருக்கிறது.

"ஜனங்க மழையிலே நனையாம போகட்டும்னு கூரை போட்டானாக்கும்! நல்ல மனசுக்காரங்க" என்றாள் என் சகதர்மிணி, அடுப்படியிலிருந்து.

"இல்லே அத்தை. ஜனங்களுக்காக இல்லை. பாலம் நனையாம இருக்கறதுக்கு."

யோசித்துப் பார்த்தால் சரிதான். ஜனங்கள் நனைந்தால் துண்டை எடுத்துத் துவட்டிக்கொள்ளலாம். உத்தரமும் சட்டமும் நனைந்தால் உளுத்துப்போகும். கூரை இல்லாத மரப்பாலம் பத்து இருபது வருஷத்தில் மண்டையைப் போடும். கூரை போட்டால் நூறு வருஷத்துக்கு மேலும் நிற்கும். சிலோனில் பதுளைப் பக்கம் போகொட என்ற இடத்தில் ஓடு வேய்ந்த மரப்பாலம் ஒன்று நானூறு வருஷத்துக்கு மேலாக நிற்பதாகச் சொல்கிறார்கள். எல்லாம் கூரையின் தயவு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வெர்மாண்டில் அந்தக் காலத்தில் பனிக்காலம் வந்தால் சக்கர வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சறுக்கு வண்டி பூட்டுவார்கள். பாலத்துக்குள்ளேதான் பனி விழாதே, வண்டி எப்படிச் சறுக்கும்? அதனால் சம்பளத்துக்கு ஆள் வைத்து, வெளியே இருந்து பனியை வாரிக்கொண்டு வந்து பாலத்துக்குள் கொட்டச் சொல்வார்களாம். முதலில் கூரை போடுவது, அப்புறம் கூலி கொடுத்து உள்ளே பனி போடுவது! அரசாங்க வேலை எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்று தெரிந்து எனக்கு ஒரு நிம்மதி.

சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்த மாமனார் திடீரென்று பேசினார். "ஒரு பொருள் கெட்டுப்போவாம இருக்கணும்னா அதைக் காபந்து பண்ணணும்ங்கறான். விவரமான ஆளுங்கதான்."

மாமனாருக்கு வயது 84. பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ரிடையர் ஆனவர். வீடூர் அணையில் ஷட்டர் ஏற்றி இறக்கிய கை. அந்த அணைக்குப் பதினேழு வயதில் மண் சுமந்த தலையும் அவருடையதே.

"அது சரி தாத்தா, நம்ம ஊர்ல பார்க்கறதுக்கு என்ன இருக்கு?" என்றான் வெர்மாண்ட்.

"ஏரி இருக்குது."

"ஏரியில என்ன இருக்கு?"

"தண்ணி இருக்கும். நாளைக்குக் காலையில வண்டி சொல்லு. ஒரு நாள் பூரா சுத்திட்டு வரலாம்."

இந்த இடத்தில் வாசகர்களிடம் ஒரு உண்மையை ஒப்புக்கொண்டாக வேண்டும். வெர்மாண்ட் பொங்கல் சாப்பிட மட்டும் வரவில்லை. மயிலத்துக்குக் கிழக்கே, ஒரு கிராமத்து ஏரிப் பாசனத்தில் மாமனாருக்கு இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட் நஞ்சை இருக்கிறது. அக்கம்பக்கத்து நிலமெல்லாம் மனைக்கட்டாகிவிட்டது. இதையும் ஒருத்தர் கேட்கிறார். நல்ல விலை சொல்கிறார். முட்டி ஆபரேஷன் செய்துகொண்டு சென்னையில் படுத்திருக்கும் என் மைத்துனர், பவர் பத்திரத்தை டைப் அடித்துப் பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பையனிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். 'தாத்தா நல்ல மூடில் இருக்கும்போது கையெழுத்து வாங்கிவிடு' என்று உத்தரவு. அதில் என் மனைவிக்கும் ஒரு பங்கு உண்டு. ஆகவே நானும் நல்ல மாப்பிள்ளையாக வாயை மூடிக்கொண்டு, கிழவர் நல்ல மூடுக்கு வர வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டிருந்தேன்.

காலை ஆறரைக்கு வண்டி வந்தது. என் மனைவி ஒரு தூக்கு நிறையப் புளியோதரை, ஒரு டப்பா நிறையத் தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மோர் மிளகாய், ஆறு பாட்டில் தண்ணீர் என்று ஏற்றினாள். டிரைவர் டிக்கியைப் பார்த்துவிட்டு, "எத்தனை நாள் டூர் சார்?" என்றார்.

திண்டிவனத்து மேம்பாலத்துக்கு அடியில் டீ குடிக்க நிறுத்தினோம். இந்த ஊர்க்காரர்கள் வெகு காலம் பஸ்ஸுக்குக் காத்திருந்து பழகிய இடம் இது. மழையா, வெயிலா, பாலத்தடிக்கு ஓடு! பூக்காரி, இளநீர்க்காரர், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பாண்டிச்சேரி பஸ்ஸுக்கு நிற்கிற அம்மா, எல்லோருக்கும் அதுதான் நிழல்.

"பார்த்தியாடா?" என்றேன் பெருமையாக. "உங்க ஊர்ல பாலத்துக்குக் கூரை போட்டான். எங்க ஊர்ல பாலமே கூரை!"

"அங்கே அதுக்கு 'கிஸ்ஸிங் பிரிட்ஜ்'னு கூடப் பேரு உண்டு மாமா. உள்ளே போனா வெளியே இருக்கறவங்களுக்குத் தெரியாதில்ல..."

"இங்கே அந்த வசதி கிடையாது" என்று என் மனைவி அவசரமாக அந்தப் பேச்சுக்குத் தாழ்ப்பாள் போட்டாள்.

மரக்காணத்துக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். வழி நெடுகப் புளியமரம். திண்டிவனம் என்ற பெயரே திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்பதிலிருந்து வந்தது. இப்போது மரங்களைவிடப் பெயர்தான் உறுதியாக நிற்கிறது.

கழுவெளி தெரியுமோ உங்களுக்கு? நானே கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷம் கழித்து அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். மாமனார் வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவோம், தூங்குவோம், கிளம்புவோம். ஏரி பார்க்க எந்த மாப்பிள்ளை போனான்? மரக்காணத்துக்குத் தெற்கே, கடலுக்குப் பக்கவாட்டில், எழுபது சதுர கிலோமீட்டர் சுமாருக்குப் பரந்து கிடக்கிறது. தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரிகளில் ஒன்று. ஒரு பக்கம் கழிமுகம் வழியாகக் கடல் உள்ளே வருகிறது. மறுபக்கம் மேட்டு ஏரிகள் நிரம்பி வழிகிற நல்ல தண்ணீர் வந்து சேர்கிறது. உப்பும் தித்திப்புமாகக் கலந்த அந்தத் தண்ணீருக்கு என்று வெளிநாட்டிலிருந்து பறவைகள் டிக்கெட் எடுக்காமல் வருகின்றன. 2021 டிசம்பரில் இதைப் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தது.

ஜனவரியானதால் தண்ணீர் கண்ணுக்கு எட்டின வரைக்கும் இருந்தது. எதிர்க்கரையே தெரியவில்லை. நடுவில் வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு நீளக் கோடு. பூநாரைகள்! டிரைவர் ஒரு தரம் ஹாரன் அடித்தார். கோடு அப்படியே எழும்பி, ஒரு வளையம் போட்டு, கொஞ்சம் தள்ளி மறுபடியும் கோடாக உட்கார்ந்தது. மாமனார் டிரைவரைப் பார்த்த பார்வையில், அந்த மனிதர் அன்று சாயங்காலம் வரை லாரிக்குக்கூட ஹாரன் அடிக்கவில்லை.

"தாத்தா, இது லேக் இல்லை, கடல்!" என்றான் வெர்மாண்ட்.

"கடல் இல்லை. கடைசி ஏரி. மேல இருக்கற ஏரிங்க எல்லாம் கோடி போனாத்தான் இதுக்கு நல்ல தண்ணி. மேல அடைச்சுப்புட்டா இது உப்பாயிரும். உப்பாயிருச்சுன்னா இந்தக் கொக்கு வராது, நண்டு வராது, எதுவும் வராது."

'கோடி போவது' என்றால் ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வழிவது. இந்தப் பக்கத்தில் ஏரி கோடி போனால் கிடா வெட்டிப் பொங்கல் வைப்பார்கள். தெருவில் ஓடி ஓடிச் சொல்வார்கள். வெர்மாண்டுக்குக் கோடி என்றால் ரூபாய் மட்டும்தான் தெரியும்.

உங்களுக்கு ஒரு சங்கதி. நாங்கள் போன இந்த ரூட்டுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியே ஒருத்தர் பயணக் கட்டுரை எழுதிவிட்டார். நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை. பரிசு வாங்கி வந்த பாணன், வாங்கப் போகிற பாணனுக்கு வழி சொல்கிறான். முதலில் கடற்கரை எயிற்பட்டினம். அதுதான் மரக்காணம் என்கிறார்கள். அப்புறம் வேலூர் (கோட்டை இருக்கிற வேலூர் இல்லை, பக்கத்து உப்புவேலூர்), ஆமூர். கடைசியில் நல்லியக்கோடனின் கிடங்கில். அது இன்றைக்குத் திண்டிவனத்துக்குள்ளேயே இருக்கிற கிடங்கல். அந்த மகானுபாவர் கோட்டை கொத்தளத்தைவிடச் சாப்பாட்டைத்தான் விஸ்தாரமாகச் சொல்கிறார். எயிற்பட்டினத்தில் சுட்ட குழல் மீனும் தேறலும். வேலூரில் புளிச்சோறும் காட்டுப் பசுவின் இறைச்சியும். ஆமூரில் வெள்ளைச் சோறும் நண்டும்.

புளிச்சோறு! என் மனைவியின் தூக்கை நினைத்துக்கொண்டேன். இரண்டாயிரம் வருஷமாக மெனு மாறாத ஒரே டூரிஸ்ட் ரூட் உலகத்தில் இதுவாகத்தான் இருக்கும்.

கிளியனூர்ப் பக்கம் குறுக்கே வெட்டி, மயிலம் முருகனுக்குக் கீழே இருந்தே ஒரு கும்பிடு போட்டு (படி ஏறினால் இன்னொரு நாள் ஆகும்), வீடூர் அணைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று.

வராக நதியும் தொண்டி ஆறும் கூடுகிற இடத்தில் 1959-ல் முடித்த அணை. உயரம் 32 அடி. கொள்ளளவு 605 மில்லியன் கன அடி. மேட்டூரைப் பார்த்த கண்ணுக்கு இது குழந்தை. ஆனால் மண்கரை மைல் கணக்கில் நீண்டு கிடக்கிறது. இங்கிருந்து தமிழ்நாட்டில் 2,200 ஏக்கருக்கும் பாண்டிச்சேரிக்காரர்களுக்கு 1,000 ஏக்கருக்கும் தண்ணீர். மாமனார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கரைமேல் நடந்தார். கோயிலுக்குள் போகிற மாதிரி.

ஒரு மரத்தடியில் தூக்கைத் திறந்தோம். புளியோதரை பாதி காலியான பிறகு வெர்மாண்ட் மெதுவாக ஒரு கதை சொன்னான். 2011 ஆகஸ்ட் 28-ம் தேதி ஐரீன் என்ற புயல் வெர்மாண்டைப் புரட்டிப் போட்டது. பார்ட்டன்ஸ்வில் என்ற சிற்றூரில் 1870-ல் கட்டிய கூரைப் பாலம், ஜனங்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கூரையோடு அப்படியே சாய்ந்து ஆற்றில் போனது. யாரோ வீடியோ எடுத்தார்கள். உலகம் பூராவும் பார்த்தது. அவனுடைய ஆபீஸில் ஒரு பெரியவர் இன்றைக்கும் அந்த வீடியோவைப் பார்த்தால் கண்ணைத் துடைத்துக்கொள்கிறாராம்.

"அப்புறம்?"

"திரும்பக் கட்டிட்டாங்க தாத்தா. கான்கிரீட்ல கட்டினா சுலபம்தான். ஆனா அதே மாதிரி மரத்துல, அதே மாதிரி கூரை போட்டு, 2013-ல திறந்துட்டாங்க."

மாமனார் மோர் மிளகாயைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தன் கதையை எடுத்தார்.

2024 நவம்பர் 30 ராத்திரி. ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரிப் பக்கம் கரையேறியது. ஏறினது நகராமல் உட்கார்ந்துகொண்டது. மறுநாள் காலை கணக்குப்படி மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை. இந்த ஜில்லாவில் வருஷம் முழுக்கப் பெய்கிற மழையில் ஏறக்குறைய பாதி, ஒரே ராத்திரியில்! டிசம்பர் 2-ம் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில்வே பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டி, தெற்கே போகிற ரயில்களை நிறுத்தினார்கள். அரசூரில் தேசிய நெடுஞ்சாலை மேலேயே ஆறு ஓடியது. இதெல்லாம் பேப்பரில் நீங்களும் படித்திருப்பீர்கள்.

"நான் அன்னிக்கு ஊர்ல இருந்தேன்" என்றார். "நெல்லு மூட்டையைப் பரண்ல ஏத்தப் போனேன். ராத்திரி ஒரு மணிக்கு ஏரி கோடி போச்சு. சத்தம் கேட்டுது. எனக்கு அந்தச் சத்தம் தெரியும். சந்தோஷமா இருக்கவேண்டிய சத்தம். அன்னிக்கு வயித்தைக் கலக்கிச்சு."

"ஏன் தாத்தா?"

"போற வழியிலே அஞ்சு நிமிஷம் நிறுத்தறேன். பார்த்துக்க."

போகிற வழி என்று அவர் சொன்னது எந்த வழிக்கும் போகிற வழி இல்லை. பதினைந்து கிலோமீட்டர் திரும்பி வர வேண்டியிருந்தது. டிரைவர் மீட்டரைப் பார்த்தார். நான் டிரைவரைப் பார்த்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஏரிக்கரை மேலே வண்டி நின்றது. பெரிய ஏரி இல்லை. பிறை நிலா மாதிரி வளைந்த கரை, இரண்டு மதகு, ஓரத்தில் கருங்கல் கலங்கல். கலங்கலில் வழிகிற தண்ணீர் கால்வாயில் இறங்கி அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. அப்படிச் சங்கிலியாகப் போய்க் கடைசியில், காலையில் பூநாரை பார்த்தோமே, அங்கே. இதை ஒரு இன்ஜினீயர் பிளான் போட்டுக் கொடுக்கவில்லை. யார் எப்போது வெட்டினார்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. வருஷா வருஷம் சித்திரையில் வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்து கால்வாய் தூர் வார வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது. குடிமராமத்து. மாமனாரின் அப்பா காலத்தில் வராத வீட்டுக்கு அபராதம் உண்டு.

"இரண்டு டாலரா?" என்றேன். அந்த நேரத்துக்குப் பொருந்தாத ஜோக். யாரும் சிரிக்கவில்லை.

கலங்கலிலிருந்து இறங்குகிற கால்வாய் நூறு அடி போனது. அதற்கப்புறம் இல்லை. ஹாலோ பிளாக் காம்பவுண்டு சுவர் ஒன்று குறுக்கே நின்றது. உள்ளே வரிசையாக மனைக் கற்கள், மஞ்சள் பெயின்ட் தலையோடு. நாலு வீடு முளைத்திருந்தது. 'நகர்' என்று முடிகிற ஒரு பெயரோடு வளைவு. பக்கத்திலேயே, வரப்பெல்லாம் ஒழுங்காக, பச்சையாக, எங்கள் இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட்.

மாமனார் எதுவும் பேசவில்லை. முதல் வீட்டுச் சுவரைக் கையால் காட்டினார். புதுச் சுண்ணாம்பில், என் இடுப்புக்கு மேலே, ஒரு பழுப்புக் கோடு. ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேர்க்கோடு. தண்ணீர் நின்ற இடம். வெர்மாண்ட் பக்கத்தில் போய் நின்று பார்த்தான். அவன் உயரமானவன். அவனுக்கும் இடுப்பு.

வீட்டுக்குள்ளிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். மாமனாரைக் கண்டதும், "வாங்க பெரியவரே, காபி சாப்பிட்டுப் போங்க" என்று வெளியே வந்துவிட்டார். அன்று ராத்திரி அவரையும் இரண்டு பிள்ளைகளையும் நெஞ்சளவுத் தண்ணீரில், கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனவர்களில் மாமனார் ஒருத்தர். எண்பது தாண்டின மனுஷன்! எங்களிடம் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'மழை ஜாஸ்தி, நெல்லு தப்பிச்சுது' என்று மட்டும் போனில் சொன்னார்.

"கடன் வாங்கிக் கட்டினோம்பா" என்றார் அந்த அம்மா, வெர்மாண்டைப் பார்த்து. "இது கால்வாய்னு யாரும் சொல்லலை. வெயில் காலத்துல வந்து பார்த்தோம். காஞ்சு கிடந்துச்சு."

சுடச்சுடக் காபி. டம்ளரைப் பிடித்துக்கொண்டு நான் அந்தப் பழுப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் நிலத்தை வாங்குகிற ஆள் அதையும் வெயில் காலத்தில்தான் காட்டுவான். என் மனைவியின் பங்கில் ஒரு வாஷிங் மெஷினும், மிச்சத்தைப் போஸ்ட் ஆபீஸில் போடுவதுமாக நான் ஏற்கெனவே மனசில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன் என்பதை எதற்கு மறைக்க வேண்டும்?

வண்டியில் திரும்பி ஏறினபோது, வெர்மாண்ட் முன் சீட்டில் உட்கார்ந்து டாஷ்போர்டு அறையைத் திறந்தான். பிளாஸ்டிக் கவர் தெரிந்தது. உள்ளே இருந்து கண்ணாடி துடைக்கிற துணியை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி மூடினான்.

விக்கிரவாண்டி டோலில் வழக்கம்போல் கட்டினோம். "1943..." என்று ஆரம்பித்தேன். "தெரியும் மாமா" என்றான்.

அன்றிரவு அவனுக்கு விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து திருச்சிக்கு ரயில். கல்லூரி சிநேகிதனைப் பார்க்க. நேரமிருந்ததால் புதிய பஸ் ஸ்டாண்டு பக்கம் டிபன் சாப்பிட இறங்கினோம். இட்லி, வடகறி. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்து நின்றபோது, "இன்னும் ஒரு ஏரி பாக்கி இருக்குது" என்றார் மாமனார்.

"இருட்டிப் போச்சே தாத்தா. எங்கே இருக்கு?"

"நீ நிக்கறியே, அதுதான்."

வெர்மாண்ட் காலைப் பார்த்தான். சிமென்ட் தரை. சுற்றிலும் சென்னை, புதுச்சேரி, திருவண்ணாமலை என்று கண்டக்டர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். ஏரியாக இருந்த இடத்தில்தான் அந்த பஸ் ஸ்டாண்டைக் கட்டினார்கள். பலத்த மழை பெய்தால் அங்கே தண்ணீர் தேங்குவது ஊரறிந்த விஷயம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் பஸ் ஏறுகிற படம் எத்தனையோ தடவை பேப்பரில் வந்திருக்கிறது.

"உங்க ஊர்ல பாலத்தை மூடினான்" என்றார் கிழவர். அதற்கு மேல் சொல்லவில்லை. பல்குத்தும் குச்சி தேடப் போய்விட்டார்.

பிளாட்பாரத்தில் ரயில் வந்து நின்றது. வெர்மாண்ட் பிளாஸ்டிக் கவரை என்னிடம் நீட்டினான். "இதை அப்பாகிட்டக் கொடுத்துடுங்க மாமா. தாத்தாகிட்ட நான் கேட்கலைன்னு சொல்லிடுங்க."

"நீயே சொல்லேன்."

"நீங்க சொன்னாத்தான் அப்பா திட்ட மாட்டார். மாப்பிள்ளையாச்சே."

நல்ல பையன். அபாயமான வேலைகளைப் பெரியவர்களுக்கு விட்டுக்கொடுக்கிறான். மைத்துனர் என்னை அரை மணி நேரம் பேசினார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் பேசவில்லை. விலை சொன்ன ஆள் இன்னும் போன் செய்துகொண்டுதான் இருக்கிறார். கவர் எங்கள் வீட்டு பீரோவில், வாஷிங் மெஷின் விளம்பரத்துக்குக் கீழே இருக்கிறது. என் மனைவி அதைப் பற்றிக் கேட்கவில்லை. துணியைக் கையால் துவைக்கும்போது மட்டும் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாகக் கேட்கிறது.

வெர்மாண்ட் ஊருக்குப் போய் மாமனாருக்கு ஒரு படம் அனுப்பினான். கூரைப் பாலம், மேலெல்லாம் வெள்ளை வெளேரென்று பனி. 'பதிலுக்கு நானும் ஒண்ணு அனுப்பறேன், ஏரி கோடி போகட்டும்' என்று மாமனார் சொல்லி வைத்தார். சொன்னபடி அதே வருஷம் அக்டோபர் கடைசியில், விடிகாலை நாலரைக்கு, குடும்பத்தில் எல்லோருடைய போனும் ஒரே சமயத்தில் கிணுங்கியது. பதறி எழுந்து பார்த்தேன்.

படத்தில் பாதி அவருடைய கட்டை விரல். மீதிப் பாதியில் தண்ணீர்.